நாமும் வந்தேறிகள்தான்: மகமையும் பிடி அரிசியும்



போன வாரம் நம் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில், ராட்டினத்துக்கு முன்னால் வட இந்தியத் தொழிலாளி ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறார். கீழே, "ஊரே வந்தேறிகள் கைக்குப் போச்சு" என்று ஒரு வரி. அதற்கு 16 பேர் கை தட்டியிருந்தீர்கள். யார் அனுப்பியது என்று இங்கே சொல்லப் போவதில்லை. குழுவில் பதில் போட்டால் சண்டையில்தான் முடியும். 34 ஆண்டு வரலாறு நடத்தியவன் நான். வரலாறாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் கேள்வி: இந்த ஊருக்கு நாம் எப்போது வந்தோம்?

என் பாட்டனாரின் தகப்பனார் விருதுநகரில் பிறந்தவர் இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து மாட்டுவண்டியில் வந்தவர் என்று பாட்டி சொல்லுவார். இங்குள்ள நாடார் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். 1801ல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த பிறகு வழித்தடங்களில் வியாபாரம் பெருகியது. பனங்காட்டை நம்பியிருந்தவர்களில் சிலர் கருப்பட்டி, உப்பு, கருவாடு எல்லாம் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்தார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் மெல்ல மெல்லத் தங்கினார்கள். 1923க்கு முன்பு விருதுநகருக்கு விருதுபட்டி என்றுதான் பெயர்.

வந்த இடத்தில் அவர்கள் சிறுபான்மை. நிலம் இல்லை, பழைய உறவு இல்லை, வழியில் கொள்ளை பயம் வேறு. அதனால் பேட்டைகள் எழுந்தன. மதில் சூழ்ந்த ஓர் இடம், உள்ளே ஒரு கிணறு, மாடுகளுக்குக் கொட்டகை, சரக்கு இறக்கி வைக்க இடம். இரவில் வண்டிகள் அங்கே தங்கும். தங்குகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பார்கள். அந்தக் காசுதான் மகமை. பிறகு ஊரில் கடை போட்டவர்களும் மூட்டைக்கு இவ்வளவு, வியாபாரத்தில் இவ்வளவு என்று கொடுத்தார்கள். குடும்பத் தலைவர்கள் கூடிய உறவின்முறை அதற்குக் கணக்குப் பார்த்தது.

மகமைப் பணம் எங்கே போனது என்பதைக் கவனியுங்கள். கோயிலுக்குப் போனது, திருவிழாவுக்குப் போனது, கிணற்றுக்கும் சாவடிக்கும் போனது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கலும், சிவகாசி பத்திரகாளியம்மன் கோயிலின் சித்திரைப் பொங்கலும் இப்படி வளர்ந்தவைதான். பிழைக்க வந்த ஊரில் ஒருவன் தன் சாமியைக் கும்பிட்டு, தன் பண்டம் செய்து, தன் உறவுகளோடு ஒரு நாள் கூடி நின்றால்தான் மறுநாள் கடையைத் திறக்கத் தெம்பு வரும். உலகம் முழுக்க இது இப்படித்தான். இன்று அமெரிக்க நகரங்களில் எத்தியோப்பியரும் நைஜீரியரும் தங்கள் விழாவைக் கொண்டாடுகிறார்கள். சங்கம் வைத்துப் புதிதாக வருகிறவர்களுக்குக் கை கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதே நகரங்களில் தமிழ்ச் சங்கம் வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பினால் நமக்குப் பெருமை. இங்கே ஒரு ஒடியாக்காரர் பிள்ளையோடு ராட்டினம் ஏறினால் எரிச்சல்!

திருவிழா நடத்திய அதே மகமைப் பணம் பள்ளிக்கூடத்துக்கும் போனது. 1880களில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலா தொடங்கியது. பணம் போதாதபோது பிடி அரிசி உதவியது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்றுப் பள்ளியை நடத்தினார்கள். மகமை கொடுத்தது வியாபாரி. பிடி அரிசி கொடுத்தது வீட்டுப் பெண்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் 1903ல் பிறந்தவன். ஆறு வயதில் தகப்பனை இழந்தவன். சில வகுப்புகளோடு படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் நின்றவன். காமராசர்தான். அவருக்குப் பிறகு வருகிறேன்.

நம் பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வரலாறு ஆகாது. பள்ளியின் பெயரையே பாருங்கள். "நாங்கள் க்ஷத்திரியர்கள்" என்று சொல்லிக்கொள்வதில், எங்களுக்குக் கீழே வேறு சிலர் இருக்கிறார்கள் என்பதும் அடக்கம். 1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தார்கள். வழக்கு நடந்தது. நாங்கள் உயர்ந்தவர்கள், ஆகவே எங்களுக்கு உரிமை உண்டு என்று வாதாடினார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908ல் தோற்றார்கள். இதற்கிடையில், 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கோயில் நுழைவுதான் காரணம் என்றாலும், எங்கிருந்தோ வந்தவர்கள் கடை போட்டுக் காசு சேர்த்துவிட்டார்களே என்ற எரிச்சலும் அந்த நெருப்பில் இருந்தது. "ஊர் வந்தேறிகள் கைக்குப் போச்சு" என்ற அந்த வாட்ஸ்அப் வரிக்கு வயது நூற்றுக்கும் மேல். அன்று அது நம்மைக் குறிவைத்தது.

கதவு எப்போது திறந்தது? 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு சிறு குழு நுழைந்தது. அதில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் இருந்தார்கள். அவர்களோடு விருதுநகரைச் சேர்ந்த எஸ்.எஸ்.சண்முக நாடாரும் இருந்தார். "நாங்கள் மட்டும்" என்று கேட்டபோது மூடியிருந்த கதவு, "எல்லோரும்" என்று போனபோது திறந்தது. வகுப்பில் இதை நான் இரண்டு முறை சொல்வேன். இங்கேயும் இன்னொரு முறை வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருப்பம் ஒரே நாளில் வந்ததல்ல. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு எதிராக உத்தரவு போட்டார். விருதுநகர் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது. சென்னை பாண்டி பஜார் அவர் பெயரால் வந்தது. அங்கே புடவை வாங்கப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசி மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1922ல் ப.அய்ய நாடாரும் அ.சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். மொழி தெரியாத ஊர், வேறு சாப்பாடு. மாதக்கணக்கில் தங்கிக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923ல் இங்கே தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசும் அச்சகமும் வந்தன. மழை பொய்த்த கந்தக பூமிக்குச் சோறு போட்ட தொழிலின் முதல் பாடம் வங்காளத்தில் கற்றது. அன்று கல்கத்தாக்காரர்கள், "தெற்கத்திக்காரனுக்கு இங்கே என்ன வேலை" என்று விரட்டியிருந்தால்?

இப்போது காமராசர். 1954ல் முதலமைச்சர் ஆனார். பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் இருக்கிறார்கள் என்று கண்டு, 1956ல் மதிய உணவைத் தொடங்கினார். தொடக்கத்தில் பல ஊர்களில் மக்கள் கொடுத்த அரிசியும் பணமும்தான் அந்த அடுப்பை எரித்தன. பிறகு அரசு அதைத் தாங்கிக்கொண்டது. பிடி அரிசியிலிருந்துதான் மதிய உணவு பிறந்தது என்று ஆதாரம் காட்ட என்னால் முடியாது. ஆனால் பிடி அரிசியில் நடந்த பள்ளியில் உட்கார்ந்த பையன், நாடு முழுவதையும் ஒரே வீடாக நினைத்து அடுப்பு மூட்டினார் என்பதில் எனக்கு வியப்பே இல்லை. விருதுபட்டியின் பிடி அரிசி ஒரு சமூகத்தின் பள்ளியைக் காப்பாற்றியது. காமராசரின் சோறு எந்தப் பிள்ளையிடமும் என்ன சாதி என்று கேட்கவில்லை. முதலாவது இல்லாமல் நாம் நிமிர்ந்திருக்க மாட்டோம். இரண்டாவதைச் செய்ததால்தான் ஊருக்கு வெளியே நமக்கு மரியாதை.

இனி இன்றைய விஷயம். சிவகாசி அச்சகங்களிலும் ராஜபாளையம் பக்கத்து மில்களிலும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். தனியாக வந்தவர்களில் சிலர் இப்போது குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே பேட்டையும் இல்லை, மகமையும் இல்லை. பிள்ளைகள் அப்பா வேலை முடிந்து வரும்வரை அறையிலேயே கிடக்கிறார்கள். என் பழைய மாணவன் ஒருவன் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறான். போன ஆண்டு போன் செய்தான். "சார், நம்ம ஆள் ஒருத்தரோட பொண்ணுக்கு ஏழு வயசு. தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்துல சேர்த்துக்குவாங்களா?" என்றான். அந்த "நம்ம ஆள்" என்ற சொல்லைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். மறுநாள் இரண்டு பேருமாகப் போய் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்தோம். தலைமையாசிரியை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தப் பெண் இப்போது என்னைவிட வேகமாகச் சிவகாசித் தமிழ் பேசுகிறாள்.

அதனால் இரண்டு வேண்டுகோள். கை தட்டிய 16 பேரும் அந்தக் கைதட்டலை எடுத்துவிடுங்கள்; நான் எண்ணிப் பார்ப்பேன். அடுத்தது முக்கியமானது. அச்சகமோ மில்லோ கடையோ வைத்திருக்கிறவர்கள், ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு உங்களிடம் வேலை செய்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "உன் பிள்ளை எங்கே படிக்குது?" பதில் இல்லையென்றால் எனக்குப் போன் செய்யுங்கள். பள்ளிக்குக் கூட வருவதற்கு நான் இருக்கிறேன். வாத்தியாருக்கு ஓய்வு கொடுத்தது சம்பளக் கணக்கில் மட்டும்தான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்