பாறு கழுகுகளின் வீழ்ச்சி

1990களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்தியத் துணைக்கண்டத்தின் பாறு கழுகுகள் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துபோயின. யாரும் அவற்றை வேட்டையாடவில்லை; அவை கூடு கட்டிய மரங்களை வெட்டிச் சாய்த்தும் இது நடக்கவில்லை. காய்ச்சல் கண்ட மாட்டுக்கும் மடிவீக்கம் கண்ட பசுவுக்கும் போட்ட வலிநிவாரணி ஊசி ஒன்று, மாட்டின் சடலம் வழியாகப் பறவையின் உடலுக்குள் போனதே முதன்மைக் காரணம். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்தன. கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுப் பாறும் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. பறவை இனம் ஒன்று இவ்வளவு வேகமாகச் சரிந்ததற்கு வேறு எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே.

பறவையும் அதன் வேலையும்

பிணந்தின்னிக் கழுகு என்று ஊர்ப்புறத்தில் சொல்லப்படும் இப்பறவைகளில் 9 வகைகள் இந்தியாவில் காணப்படுகின்றன. தமிழ்நாட்டில் நிலையாக இருப்பவை நான்கு: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. இவை உயிருள்ள விலங்கைக் கொன்று தின்பவை அல்ல. உயரே வட்டமிட்டபடி இறந்த உடலைக் கண்ணாலேயே தேடும். ஒன்று இறங்கினால் அதைப் பார்த்து மற்றொன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று சற்று நேரத்தில் பெருங்கூட்டம் சேர்ந்துவிடும். பெரிய கூட்டமாக இருந்தால் ஒரு மாட்டின் சதையை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு தெரியத் தின்று முடித்துவிடும். அவற்றின் இரைப்பை அமிலம் கடுமையானது. அழுகிய இறைச்சியில் இருக்கும் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அதில் பிழைப்பதில்லை.

இந்தியாவில் கால்நடைகள் ஏராளம். பல பகுதிகளில் மாட்டிறைச்சி உண்ணும் வழக்கம் இல்லாததால், முதுமையிலோ நோயிலோ இறக்கும் மாடுகளை ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள். தோல் உரிப்போர் தோலை எடுத்துக்கொள்வார்கள். சதையைப் பாறுகள் தின்றுவிடும். மிஞ்சிய எலும்பைப் பொறுக்கி உர ஆலைக்கு விற்பார்கள். யாரும் கூலி கொடுக்காமல், யாரும் மேற்பார்வை பார்க்காமல், தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த துப்புரவு இது. மும்பையில் பார்சி சமூகத்தினர் இறந்தோரின் உடலை அமைதிக் கோபுரங்களில் பாறுகளுக்கு விடும் வழக்கமும் பறவைகள் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையின்மேல் நின்றதுதான். பறவைகள் வராமற்போன பின், உடல்களை உலர்த்தச் சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவிகளை அங்கே பொருத்த வேண்டியதாயிற்று.

தமிழ் மண்ணில் இப்பறவைக்குக் கோயில் வாசலிலும் இடம் இருந்தது. இராமாயணத்து ஜடாயுவைப் புள்ளிருக்குவேளூரில் வழிபடுகிறார்கள். திருக்கழுக்குன்றம் மலைமேல் நண்பகலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து அழைத்தால் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து உண்டுபோகும். அதைக் காணவே மக்கள் படியேறினார்கள். 1990களின் இறுதிக்குப் பிறகு அங்கே பறவை வருவதில்லை.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானே இணை சேர ஐந்து ஆண்டுகளாவது ஆகும். நீண்ட நாள் வாழும் பறவை என்பதால் இந்த மெதுவான கணக்கு பல்லாயிரம் ஆண்டுகளாகச் சரியாக நடந்துவந்தது. வளர்ந்த பறவைகள் கூட்டங்கூட்டமாகச் சாகத் தொடங்கினால் அந்த இழப்பை ஈடுசெய்ய இந்த இனத்துக்கு வழியே இல்லை.

மறைந்த விதம்

1980களில், உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்த பெரிய இரைக்கொல்லிப் பறவை வெண்முதுகுப் பாறாகவே இருக்கலாம் என்று பறவையியலாளர்கள் எழுதினார்கள். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்தவர் விபு பிரகாஷ், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தவர். அவர் அன்று எண்ணியது 350க்கும் மேற்பட்ட கூடுகட்டும் இணைகள். பத்தாண்டுகள் கழித்து 1996இல் அதே இடத்துக்குத் திரும்பியபோது பாதிகூட இல்லை. மரக்கிளைகளில் பறவைகள் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தன. கிளைகளிலும் புதர்களிலும் செத்துக் கிடந்தன. 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இந்தச் சரிவை முதலில் பதிவு செய்தது. 2000ஆம் ஆண்டில் மூன்று பாறு வகைகளையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக ஆபத்தான நிலையில் உள்ளவை என வகைப்படுத்தியது.

காரணம் தேடியது

முதலில் எல்லோரும் தொற்றுநோயைத்தான் சந்தேகித்தார்கள். ஏதோ ஒரு வைரஸ் இந்தியாவிலிருந்து மேற்கே பரவுகிறது, நாளை ஆப்பிரிக்காவுக்கும் போகும் என்ற அச்சம் இருந்தது. பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று வேறு ஐயங்களும் எழுந்தன.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை நோயியலாளர் லிண்ட்சே ஓக்ஸ், பெரெக்ரின் நிதியத்தின் குழுவோடு சேர்ந்து அங்கே இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தார். 259 உடல்களில் 85 விழுக்காட்டில் ஒரே காட்சி: ஈரல்மேலும் இதயத்தின்மேலும் வெள்ளை வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் வேலை நிறுத்தியதன் அடையாளம் அது. வைரஸ் கிடைக்கவில்லை, நஞ்சும் கிடைக்கவில்லை. பாறு தின்பது பெரும்பாலும் வளர்ப்புக் கால்நடையின் உடலைத்தானே, அந்தக் கால்நடைக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று அந்தக் குழு கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் விசாரித்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியதாகவும், அண்மையில்தான் பரவலாகத் தொடங்கியதாகவும், வாயால் உட்கொண்டாலும் வேலை செய்வதாகவும் இருந்த மருந்து ஒன்றே ஒன்று: டைக்ளோஃபெனாக். சிறுநீரகம் செயலிழந்து இறந்த 25 பாறுகளைச் சோதித்தார்கள். 25லும் மருந்து இருந்தது. வேறு காரணத்தால் இறந்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் நேச்சர் இதழில் இது வெளியானது. மனிதர்கள் மூட்டுவலிக்குச் சாதாரணமாக விழுங்கும் மாத்திரை ஒரு பறவை இனத்தையே கொன்றுகொண்டிருந்தது என்று அன்று உலகம் அறிந்தது.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. மாட்டின் உடலிலிருந்து டைக்ளோஃபெனாக் சில நாட்களில் வெளியேறிவிடும். பிழைத்துக்கொண்ட மாட்டால் பாறுக்குக் கேடில்லை. ஆனால் சாகக் கிடக்கும் மாட்டுக்குத்தான் கடைசியாக, வலியாவது குறையட்டும் என்று, இந்த ஊசியைப் போடுகிறார்கள். அந்த மாடுதான் மறுநாளோ அடுத்த நாளோ ஊருக்கு வெளியே போய்ச் சேருகிறது. ஒரு சடலத்தை நூறு பறவைகள்கூட உண்ணும். ஆகவே, பாறுகள் உண்ணும் சடலங்களில் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நடந்துவிடும் என்று கணித ஆய்வுகள் காட்டின. மருந்தைக் கொடுத்த விவசாயியின் மனத்தில் இருந்தது இரக்கம்தான். அவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது நேர்மையில்லை. கால்நடைக்கு ஒரு மருந்தை அனுமதிக்கும்போது, அந்தக் கால்நடையைத் தின்னும் உயிர்களுக்கு அது என்ன செய்யும் என்று யாரும் சோதிக்காததே பிழை.

மனிதர்களுக்கு நேர்ந்தது

பாறுகள் போன பிறகு சடலங்கள் அப்படியே அழுகின. அவற்றைத் தின்ன நாய்கள் பெருகின. 2008இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, பாறுகளின் மறைவால் இந்தியாவில் கூடுதலாகப் பெருகிய தெருநாய்கள் ஏறத்தாழ 55 லட்சம் என்றும், அதன் விளைவாக வெறிநாய்க்கடியில் 47,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்றும் மதிப்பிட்டது. 2024இல் அமெரிக்கப் பொருளாதார இதழ் ஒன்றில் ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. பாறுகள் முன்பு மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அப்படி வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 லட்சம் கூடுதல் மரணங்கள் நிகழ்ந்ததாக அது கணக்கிட்டது. நாய்க்கடியோடு, சடலத்தால் மாசுபட்ட நீர்நிலைகளும் இதற்குக் காரணம் என்பது அவர்களின் முடிவு. இவை மதிப்பீடுகள்தாம். ஆனாலும் காட்டுயிர்ப் பாதுகாப்பைக் காட்டுக்குள் நடக்கும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

தடைகளும் ஓட்டைகளும்

2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தன. வங்கதேசம் 2010இல் தொடர்ந்தது. அதே 2006இல் மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என நிறுவப்பட்டது. மாட்டுக்கு அது டைக்ளோஃபெனாக் அளவுக்கே பயன்படும். மாற்று கையில் இருந்ததால்தான் தடை காகிதத்தோடு நிற்காமல் ஓரளவாவது நடைமுறைக்கு வந்தது.

ஓரளவுதான். மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசி 30 மில்லி குப்பிகளில் விற்கப்பட்டது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்குத் தேவை 3 மில்லி. 30 மில்லி யாருக்கு என்று கேட்கவே வேண்டியதில்லை. 2015இல் மத்திய அரசு ஊசிமருந்தை 3 மில்லி ஒற்றைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அரசின் ஆணையை உறுதிசெய்தது. இந்த வரலாற்றில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மிக முக்கியமான தீர்ப்பு இது.

அடுத்த ஓட்டை, டைக்ளோஃபெனாக்கின் இடத்தைப் பிடித்த உறவுக்கார மருந்துகள். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்வது. இவ்விரண்டையும் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா தடைசெய்தது 2023இல்தான். நிமெசுலைடு தடை 2024 டிசம்பரில் வந்தது. ஒவ்வொரு மருந்தும் கெடுதல் என்று நிரூபிக்கப் பல ஆண்டுகள், நிரூபித்த பின் தடை வரப் பல ஆண்டுகள். இதற்கிடையே செத்த பறவைகளுக்குக் கணக்கில்லை. சந்தைக்கு வரும் முன்பே சோதிக்கும் கட்டாயம் வராதவரை இது இப்படித்தான் போகும். ஸ்பெயின் நாடோ, ஆசியாவில் நடந்த அனைத்தையும் அறிந்த பிறகு, 2013இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கை அனுமதித்தது.

வளர்ப்பகங்கள்

ஹரியானாவின் பிஞ்சோரில் 2001இல் பாறு பராமரிப்பு மையம் தொடங்கி, பின்னர் ஜடாயு இனப்பெருக்க மையமாக வளர்ந்தது. மேற்கு வங்கத்தின் ராஜாபட்காவா, அசாமின் ராணி, போபால் ஆகிய இடங்களிலும் மையங்கள் உண்டு. 2020 அக்டோபரில் பிஞ்சோரிலிருந்து 8 வெண்முதுகுப் பாறுகள் வெளியே விடப்பட்டன. நேபாளத்தின் பிதௌலியில் 2006இல் ஊர்மக்களே தொடங்கிய முயற்சி வேறு வகை: முதிர்ந்த மாடுகளைப் பராமரித்து, நச்சு மருந்து தராமல் பார்த்துக்கொண்டு, இயற்கையாக இறந்த பின் பாறுகளுக்கு வைத்தார்கள். அப்பகுதியில் கூடுகள் பெருகின.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இன்று பாறுகள் இருப்பது மாயாற்றுப் பள்ளத்தாக்கில். நீலகிரியின் வடசரிவில் சீகூர்ப் பீடபூமியை ஒட்டி, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே, ஆற்றங்கரை நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுகளுக்குப் பாறைமுகடுகள். இங்கே இவை தப்பியதற்குக் காரணம், காட்டெருமை, மான் போன்ற காட்டுயிர்களின் உடல்களும் புலியும் செந்நாயும் விட்டுச்செல்லும் மிச்சமும் கிடைப்பதே. ஊசி போட்ட மாட்டை மட்டுமே நம்பி இருக்கவேண்டிய நிலை இல்லை.

அருளகம் என்ற அமைப்பு நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் மருந்துக்கடைகளையும் கால்நடை மருத்துவர்களையும் ஊராட்சிகளையும் அணுகி டைக்ளோஃபெனாக்குக்கு எதிராகப் பல்லாண்டு உழைத்தது. மாநில அரசு 2022இல் பாறு பாதுகாப்புக்கெனக் குழு அமைத்தது. இன்னொரு கேடு மருந்தோடு தொடர்பில்லாதது: மேய்ச்சலுக்குப் போன மாட்டைப் புலி அடித்துவிட்டால், பழிவாங்க அந்தச் சடலத்தில் பூச்சிமருந்தைக் கலந்துவிடுவது உண்டு. புலி திரும்பி வரும் முன் பாறுகள் வந்துவிடும். மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு காலத்தில் போய்ச் சேர்ந்தால் இந்தச் சாவுகளில் பெரும்பகுதி நிற்கும்; பல ஆண்டுகளாகச் சொல்லப்படுவது இது.

தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே நாட்களில் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அதே ஆண்டு டிசம்பரில் 320ம் எண்ணப்பட்டன. 320இல் வெண்முதுகுப் பாறு 217, செந்தலைப் பாறு 50, கருங்கழுத்துப் பாறு 47, மஞ்சள்முகப் பாறு 4, மற்ற வகைகள் 2. பத்து மாதத்தில் இவ்வளவு பெருகிவிட்டதாக இதைப் படிக்கக் கூடாது. எண்ணிய இடங்களும் பருவமும் மாறினால் எண்ணிக்கையும் மாறும்.

மூன்று மாநிலமும் சேர்ந்து எண்ணுவதற்குக் காரணம் பறவையின் பறப்பு. காலையில் மாயாற்றில் எழும் பாறு அன்றே பந்திப்பூருக்கும் வயநாட்டுக்கும் போய் இரை தேடும். அதனால்தான் பாறு பாதுகாப்பு மண்டலம் என்பதை ஆய்வாளர்கள் கூடுகளைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரத்தில் வரைகிறார்கள். மாயாற்றை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் மசினகுடி, சத்தியமங்கலம் மட்டுமன்றி கோவை, ஈரோடு, மைசூர் நகரங்களின் கால்நடை மருந்துக்கடைகளும் அதற்குள் வருகின்றன.