ஆளைத் திட்டாதே, முறையைப் பார்

நம் பேட்டையில் இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் கணினி வேலையில் இருக்கிறார்கள். 'கான்பன் போர்டு' என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால் ஏதோ புதுச் சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் அதன் வேர் இருப்பது பட்டறையில்.

1950-இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் டெமிங் ஜப்பானுக்குப் போய்ப் பாடம் நடத்தினார். குறைகளில் பெரும்பாலானவை வேலை நடக்கும் முறையால் வருபவை. தொழிலாளியைக் கடிந்து பயனில்லை. முறையைச் சிறுகச் சிறுகத் திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. டொயோட்டாவில் டாயிச்சி ஓனோ அட்டை முறையைக் கொண்டுவந்தார். அடுத்த இடத்திலிருந்து அட்டை வந்தால்தான் முந்தைய இடத்தில் பொருள் செய்ய வேண்டும். அந்த அட்டைதான் கான்பன்.

டெமிங் பெயரிலான ஜப்பானியப் பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது, 1998-இல், சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன். அது டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்தது. அந்தக் குழுமத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடிக்காரர்!

பட்டறையிலிருந்து இது மென்பொருளுக்குப் போன கதையிலும் நம் நாட்டுக்குப் பங்குண்டு. 2004-இல் மைக்ரோசாப்டுக்காக ஹைதராபாத்தில் ஒரு சிறு குழு வேலை செய்தது. புரோகிராம் எழுத 3 பேர், சோதிக்க 3 பேர். தரச் சான்றிதழோ உச்சமான 5-ஆம் நிலை. ஆனாலும் நிறுவனத்துக்குள் கெட்ட பெயர். 80-க்கு மேல் வேலைகள் தேங்கிக் கிடந்தன; ஒரு வேலை முடிய ஐந்து மாதம் ஆயிற்று.

மேலாளர் டிராகோஸ் டுமிட்ரியுவும் அவருக்கு யோசனை சொன்ன டேவிட் ஆண்டர்சனும் ஆட்களைத் திட்டவில்லை. வேலை எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். புதுக் கோரிக்கை வரும்போதெல்லாம் கையிலிருப்பதை நிறுத்திவிட்டு, இதற்கு எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. அப்படிக் கணக்குப் போட்டவற்றில் ஏறக்குறைய பாதி கடைசிவரை செய்யப்படவே இல்லை! முதலில் அந்தக் கணக்கை நிறுத்தினார்கள். அடுத்து, கையில் எடுக்கும் வேலைகளுக்கு வரம்பு வைத்தார்கள். ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று. ஆள் ஒதுக்கீட்டை மாற்றியதும் கூட்டியதும் அதற்குப் பிறகுதான். ஓராண்டுக்குச் சற்று மேலே போனபோது தேக்கம் தீர்ந்தது. ஐந்து மாத வேலை சுமார் இரண்டு வாரத்தில் முடிந்தது.

சான்றிதழ் முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. மாறியது வேலை நடந்த முறை.

ஆகவே, இராத்திரி பத்து மணிக்கும் பிள்ளை கணினியை மூடாமல் இருந்தால், "உனக்குச் சாமர்த்தியம் பத்தலையா?" என்று கேட்காதீர்கள். "ஒரே நேரத்துல எத்தனை வேலையைக் கையில வச்சிருக்க?" என்று கேட்டுப் பாருங்கள்.