சரணடைந்தோரைக் கொல்லுதலும் நீதியும்

படைக்கலம் ஏந்தி எதிர்ப்பவனைக் கொல்லுதல் போர். அதனை எறிந்துவிட்டு அடைக்கலம் புகுந்தவனைக் கொல்லுதல் கொலை. இவ்வேறுபாடு மிகப் பழமையானது. கைகூப்பி நிற்பானையும் தஞ்சமென்று வந்தானையும் கொல்லலாகாதென மனுநூலின் ஏழாம் அத்தியாயம் விதிக்கின்றது. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளும் சரணடைந்தோரைக் கொல்லுதலைத் தடை செய்தன. ஆயினும், அத்தடையை மீறிய வீரனை அவன் நாடே தண்டித்தல் வேண்டுமோ என்னும் வினா இரண்டாம் உலகப் போரிலே கூர்மையுற்று எழுந்தது.

1943ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி, சிசிலித் தீவிலுள்ள பிஸ்காரி விமானத் தளத்தின் அருகே, அமெரிக்கப் படையினரிடம் சிக்கிய இத்தாலிய, ஜேர்மன் கைதிகள் இரு வேறிடங்களிற் கொல்லப்பட்டனர். ஒரு சார்ஜன்ட் 37 பேரைச் சுட்டான். ஒரு கப்டனின் ஆணையால் ஏறக்குறைய 36 பேர் மாண்டனர். செய்தி எட்டியபோது, இறந்தோர் மறைந்திருந்து சுட்டவர் என்றோ தப்பியோட முயன்றவர் என்றோ கூறிவிடலாமென எண்ணினார் ஜெனரல் பற்றன். ஜெனரல் பிராட்லி அதற்கு உடன்பட்டிலர். இருவரும் இராணுவ நீதிமன்றின்முன் நிறுத்தப்பட்டனர். போருக்கு முன்னர்ப் பற்றன் நிகழ்த்திய உரையையே தாம் ஆணையாகக் கொண்டதாக எதிர்வாதம் எழுந்தது. கப்டன் விடுதலை பெற்றான். சார்ஜன்டுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. அவனும் ஓராண்டு சிறிது கழிந்தபின் சாதாரண வீரனாகப் படைக்கு மீண்டான். உரை நிகழ்த்தியவர்மீது வழக்கே எழவில்லை.

அடுத்த ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி, பெல்ஜியத்தின் மல்மெடி அருகே சரணடைந்த அமெரிக்கர் 84 பேரை ஜேர்மன் படையினர் கொன்றனர். இதனையும் இதனையொத்த பிற கொலைகளையும் 1946இல் விசாரித்த அமெரிக்க நீதிமன்று 43 பேருக்கு மரணதண்டனை விதித்தது. அவற்றுள் ஒன்றேனும் நிறைவேறவில்லையெனினும், பகைவன் குற்றத்தை அளந்த கோல் தன் படையின் குற்றத்தை அளந்த கோலினின்றும் வேறுபட்டமை வெளிப்படை.

தோழர் மடியக் கண்ட வெகுளியில் வீரன் தன்வசமிழத்தல் இயல்பு என்பர் சிலர். அது தண்டனையைக் குறைத்தற்குக் காரணமாகலாம். வழக்கையே விலக்குதற்குக் காரணமாகாது. சரணடைந்தோர் உயிர்பிழையார் என்பது பரவுமாயின், பகைவர் இறுதிவரை பொருதே மடிவர். அதனால் இரு திறத்தும் உயிரிழப்பே பெருகும். ஆதலின் இவ்விதி பகைவனுக்கு இரங்கியது மட்டுமன்று. தன் வீரனுக்கும் காவலாவது.

ஆணையின்படி செய்தேன் என்பது பழியை நீக்காதென நூரெம்பேர்க் பட்டயம் 1945இல் வகுத்தது. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, இத்தகையோரைத் தேடிப்பிடித்து, அவர் எந்நாட்டினராயினும் வழக்குத் தொடருதலை அரசுகளின் கடனாக்கிற்று. 1998இல் உருவான உரோமைச் சட்டம், தடுக்கத் தவறிய படைத்தலைவரையும் பொறுப்பாளிகளாக்கியது.

எனவே, வழக்குத் தொடருதல் வேண்டும் என்பதே முடிபு. ஆனால், கீழோனைச் சிறையிலிட்டு, அவனை ஏவிய மேலோனை வினவாதுவிடும் நீதி அரைநீதியே. தன் கொடியின்கீழ் நின்றவனையும் அவன் தலைவனையும் ஒரே கோலால் அளக்கும் நாடே, பகைவனைக் குற்றவாளியென்று கூறுந் தகுதி உடையதாகும்.