யூனியன் என்ற ஒரு சொல்

தோட்டப்புறத்தில் 'யூனியன்' என்றால் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. யூனியன்காரர் வந்திருக்கிறார் என்றால் சம்பளப் பேச்சு என்று புரிந்துகொள்வார்கள். அந்தச் சொல் வந்த வழிதான் வேடிக்கையானது.

லத்தீனில் 'ஊனுஸ்' என்றால் ஒன்று. அதிலிருந்து 'ஊனியோ', அதாவது ஒன்றாதல். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. ரோமானியக் குடியானவர்கள் வெங்காயத்தையும் 'ஊனியோ' என்றே சொன்னார்கள். ஆங்கிலத்தில் வெங்காயத்தைக் குறிக்கும் 'ஆனியன்' அதன் பிள்ளைதான். உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்று நம் மேடைகளில் கேலி செய்யப்படும் வெங்காயம், ரோமில் ஒற்றுமையின் பெயரைத் தாங்கியிருந்தது!

1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்ததற்கும் யூனியன் என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டில் தொழிலாளர் சங்கத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. முன்னது மேலிருந்து இணைப்பது, பின்னது கீழிருந்து இணைவது. கெடாவில் இவை இரண்டும் 1946-ல் எதிரெதிரே நின்றன.

1945 அக்டோபரில் லண்டனிலிருந்து வந்த மெக்மைக்கேல், சுல்தான்களிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கினார். கெடா சுல்தான் பட்லிஷா மனமில்லாமல்தான் கையெழுத்திட்டார். 1946 ஏப்ரல் 1-ல் மலாயன் யூனியன் பிறந்தது. மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1948 பிப்ரவரி 1-ல், அது மறைந்து கூட்டரசு வந்தது.

மற்ற யூனியனின் ஒரு வேர் ஜித்ராவில் இருக்கிறது. 1941 டிசம்பரில் பிரிட்டிஷ் அரண் ஜப்பானியரிடம் சரிந்தது அங்கேதான். அந்தப் போரில் சிதறிப்போய்ப் பிடிபட்ட பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங், பிறகு இந்திய தேசிய ராணுவத்தை முதலில் அமைத்தார். 1943-ல் நேதாஜி வந்த பின், பால்மரம் வெட்டிய தமிழர்கள் ஏராளமாக அதில் சேர்ந்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற ஆட்கள், துப்பாக்கி பிடித்துத் திரும்பி வந்தார்கள். இனி யார் இறங்குவார்கள்?

கெடாவில் தொண்டர் படை எழுந்தது. அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல், பக்கத்திலேயே தொழிற்சங்கம். 1947-ல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் போலீசோடு மோதல் வெடித்தது. உயிர் போனது, பலர் சிறைக்குப் போனார்கள். குடிக்காதே என்று சொன்ன கூட்டத்தை அரசு கலகக் கூட்டமாகப் பார்த்தது. கள் வருமானம் ஒருபுறம் இருக்கட்டும், தடியோடு அணிவகுத்த தோட்டக்காரன்தான் அவர்களை அதிகம் பயமுறுத்தினான்.

1948 ஜூனில் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டு சேரலாம் என்றது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவை இழந்தது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ல் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளருக்கு நாடு தழுவிய ஒரே சங்கம் 1954-ல்தான் அமைந்தது. பல சங்கங்கள் இணைந்து உருவான அதைப் பி.பி. நாராயணன் வழிநடத்தினார்.