பட்டா உங்க பேர்ல, வில்லங்கம் வேற இடத்துல

டெர்மினல் நம்மகிட்ட "முடியாது"ன்னு ரெண்டு விதமா சொல்லும். ஒண்ணு, ‘பெர்மிஷன் டினைட்’. இன்னொண்ணு, ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’. ரெண்டையும் ஒரே பதிலாத்தான் நாம படிக்கிறோம். ஆனா பெரும்பாலும் இதுங்களுக்குப் பின்னால இருக்கிறது வேற வேற பூட்டு. முதல் பூட்டு போட்டு 22 வருஷம் கழிச்சுத்தான் ரெண்டாவது வந்தது.

1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினாங்க. ஒரே இயந்திரத்தைப் பல பேர் பகிர்ந்துக்கிட்ட காலம். அடுத்தவன் ஃபைலை நான் அழிச்சிடக் கூடாதில்லையா? 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே ‘சிஹெச்மாட்’ கட்டளை இருக்கு. அப்போ குழு அனுமதியெல்லாம் கிடையாது. உரிமையாளர், மத்தவங்க, அவ்வளவுதான். இவங்களுக்கெல்லாம் மேல சூப்பர் யூசர், அதாவது ரூட். அவரைத் தடுக்க எந்த அனுமதியும் இல்லை.

சிக்கலே அங்கதான். திருடன் ரூட் ஆயிட்டா? வந்துபோன தடத்தை லாக் ஃபைலிலிருந்து அவனே அழிச்சிடலாம். 1993-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.4பிஎஸ்டி இதுக்கு ஒரு வழி செஞ்சது: ஃபைலுக்கு ‘கொடி’, அதாவது ஃப்ளாக். ஒரு கொடி இருந்தா ஃபைலை மாத்த முடியாது; இன்னொண்ணு இருந்தா கடைசியில் சேர்க்க மட்டும்தான் முடியும். சிஸ்டம் கொடி போட்டு, பாதுகாப்பு நிலையையும் உயர்த்திட்டா, இயந்திரத்தை ரீபூட் பண்ணாம ரூட்டால்கூட அதை எடுக்க முடியாது.

நம்ம ஊர் கணக்கில் சொல்றேன். அனுமதி என்பது பட்டா மாதிரி, இடம் யார் பேர்லன்னு சொல்லும். கொடி என்பது வில்லங்கம். பட்டாவை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது தெரியாது. வில்லங்கச் சான்று தனியாப் போட்டுப் பார்க்கணும்.

நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் டிசைனிங் சென்டர் வச்சிருக்கிற தோழி ஒருத்தி, தாத்தாவோட பிரெஞ்சு ராணுவ பென்ஷன் பேப்பர்களை ஸ்கேன் பண்ணி கடை மேக்கில் வச்சிருந்தா. பாண்டிச்சேரியில் இந்த மாதிரி பேப்பர் உள்ள வீடுகளுக்கு அதோட மதிப்பு தெரியும். சில ஃபைல்களுக்குப் பேர் மாத்தப் போனா, முடியலை. ஒரு வீடியோவைப் பார்த்து, ‘சூடோ’ போட்டு, மொத்த ஃபோல்டருக்கும் 777 கொடுத்துட்டா.

அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டா. பூட்டியிருந்த ஃபைல்கள் அப்படியே இருந்துச்சு, ஏன்னா கொடி இருக்கிற ஃபைலோட அனுமதியை சிஹெச்மாட்டால் மாத்தவே முடியாது. பூட்டில்லாத மத்ததெல்லாம், பாஸ்போர்ட் நகல் உட்பட, அந்தக் கடை மேக்கில் லாகின் பண்ற யாரும் படிக்கிற, மாத்துற, அழிக்கிற நிலையில் இருந்துச்சு. திறக்க வேண்டியது திறக்கலை. மூட வேண்டியது திறந்துக்கிச்சு.

வழக்கமான ‘எல்எஸ்’ பட்டியலில் கொடி வராது. மேக்கில் அந்தக் கட்டளையோட ‘-எல்’லும் பெரிய எழுத்து ‘-ஓ’வும் சேர்க்கணும். போட்டோம், ‘யுசிஹெச்ஜி’ன்னு நின்னுச்சு. ஃபைண்டரில் யாரோ எப்பவோ ‘லாக்ட்’ டிக் பண்ணியிருக்காங்க. ‘சிஹெச்ஃப்ளாக்ஸ் நோயுசிஹெச்ஜி’, ஒரே வரி, அதுவும் உரிமையாளராவே போதும், ரூட் தேவையில்லை. பிறகு ஃபைல்களுக்கு 600, ஃபோல்டர்களுக்கு 700. இந்த ரெண்டாவது வேலைதான் நேரம் எடுத்துச்சு.

அதே இடத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ன்னு வந்தா கையை எடுத்துடுங்க. அது 2015-ல் எல் கேப்பிட்டனோட ஆப்பிள் கொண்டுவந்த சிஸ்டம் பாதுகாப்பு.

லினக்ஸ்காரங்களுக்கு: உங்க கொடி வந்த வழியில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கார். ரெமி கார்டு. பாரிஸில் இருந்துக்கிட்டு, 1993-ல் எக்ஸ்ட்2 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கினவர்களில் முக்கியமானவர். இந்த ரெண்டு கொடியும் 4.4பிஎஸ்டியைப் பார்த்து வந்ததுன்னு அந்தக் குழு வெளிப்படையாவே எழுதியிருக்கு. ‘எல்எஸ்ஆட்டர்’ போட்டால் கொடிகள் தெரியும்: ‘ஐ’ இருந்தா மாத்த முடியாது, ‘ஏ’ இருந்தா சேர்க்க மட்டும் முடியும். எடுக்கிறது ‘சிஹெச்ஆட்டர்’, இதுக்கு ரூட் வேணும். எடுக்கிறதுக்கு முன்னாடி, அந்தக் கொடியை யார் எதுக்கு வச்சாங்கன்னு ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.