இசை சென்ற தூது



கந்தப்பளைத் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டியது தப்பொலி. காமன் கூத்துக்கு ஊரைக் கூட்டியதும் அதே தப்புத்தான். ஆளை எண்ணுவதற்கு அழைத்த ஓசையே ஆளை மனிதனாக நிமிரச் செய்த ஓசையாகவும் இருந்தது. நம் முன்னோர் கண்டிச்சீமைக்கு வந்த காலத்தில், தமிழகத்திலிருந்து வேறு பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். 1943-ஆம் ஆண்டில் அவர்கள் செவியில் வேறொரு முழக்கம் கேட்டது. அதன் வரலாற்றை இன்று காண்போம்.

தரும்சாலாவை அடுத்த சிற்றூரிற் பிறந்த கூர்க்கா வீரர் ராம்சிங் தாக்குரி. இளமையிலேயே பட்டாளத்து வாத்தியக் குழுவிற் சேர்ந்து மேனாட்டிசை பயின்றவர். ஜப்பானியரிடம் போர்க் கைதியாகிப் பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் இணைந்தார். 1943 அக்டோபர் 21-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நிறுவினார். அவ்வரசுக்குக் கொடி இருந்தது, படை இருந்தது, ஊன்றி நிற்கத் தாய்மண் இல்லை. ஆகவே, மக்கள் உள்ளத்தில் அதற்கு இடம் தேடித் தூது சென்றது இசை.

தாகூரின் வங்கப் பாடலைத் தழுவி, எளிய இந்துஸ்தானியில் ஆபித் ஹசன் முதலியோர் கீதம் ஒன்று எழுதினர். அதற்கு இசையமைத்தவர் ராம்சிங். ‘கதம் கதம் படாயே ஜா’ என்னும் நடைப்பாட்டின் மெட்டும் அவருடையதே. வாத்தியங்கள் முழங்க வீரர் ஒரே குரலில் அவற்றைப் பாடினர். சென்னை மருத்துவர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். மொழி புரியாதவர்க்கும் தாளம் புரிந்தது. நேற்றுவரை பால் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின.

ஆயினும் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. அதே காலத்தில், நேச நாடாகிய ஜப்பானின் படையினர் மலாயாத் தமிழரைச் சயாம் இரயில்பாதை வேலைக்கு ஓட்டிச் சென்றனர். பல்லாயிரவர் மீளவில்லை. பாட்டு அவர்களைக் காக்கவில்லை.

1945-இல் படை தோற்றது, பாட்டு தோற்கவில்லை. தளபதிகளை விசாரித்த அதே டில்லிச் செங்கோட்டையில், 1947 ஆகஸ்டில் ராம்சிங்கின் குழுவினர் இசை முழக்கினர். அந்த நடைப்பாட்டு இன்று இந்திய இராணுவத்தின் அணிநடை இசையாக ஒலிக்கிறது. 2002-இல் ராம்சிங் மறைந்தார்.

மண்ணற்றவர்க்கும் குரல் உண்டு. தப்பொலி கேட்டு வளர்ந்த கந்தப்பளை மக்களுக்கு இதை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?