போர்த்தேரும் விழாத்தேரும்: பழைய இராணுவ வண்டிகளும் மக்கள் நினைவும்

பண்டைத் தமிழ் வேந்தர் நாற்படை உடையராயிருந்தனர் என்பதை நாம் இளவகுப்புக்களிலேயே படித்திருக்கின்றோம். தேர், யானை, குதிரை, காலாள் என்ற அந்நான்கினுள்ளும் முதலில் வைத்தெண்ணப்படுவது தேர். பகைவரின் அணியைப் பிளப்பதற்கெனச் செலுத்தப்பட்ட ஊர்தியின் பெயரையே இன்று இறைவன் உலாவரும் ஊர்தியும் தாங்கி நிற்கின்றது. முன்னதைக் கண்டு மக்கள் ஓடி ஒளித்தனர். பின்னதன் வடத்தைப் பிடிப்பதற்கு ஓடி வருகின்றனர். போருக்குரிய ஊர்தி விழாவுக்குரிய ஊர்தியாவது எவ்வாறு? அம்மாற்றம் எல்லா நாட்டிலும் தானாகவே நிகழ்ந்துவிடுமா? இவ்வினாக்களை நம் காலத்து இராணுவ வண்டிகளை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாடுகளில் பழைய இராணுவ வண்டிகளைப் பேணுவோர் ஆண்டுதோறும் ஒன்றுகூடுவது வழக்கம். நோர்மண்டிக் கரையில் 1944 ஜூன் 6ஆந் திகதி நேசநாட்டுப் படைகள் இறங்கிய நாளை நினைவுகூர்வதற்கு, அக்காலத்து ஜீப்புகளையும் லொறிகளையும் ஓட்டிக்கொண்டு பல நாட்டவரும் அங்கே சேர்கின்றனர். இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்துப் பெல்ட்ரிங் என்னும் இடத்தில், மதுவுக்கு மணமூட்டும் கொடி வளர்க்கப்பட்ட பழைய பண்ணையொன்றிலே இத்தகைய பெருங்கூட்டங்கள் பல ஆண்டுகள் நடைபெற்றன. பொவிங்டன் என்ற ஊரிலுள்ள நூதனசாலையில், 1943 ஏப்ரலில் தூனிசியாவிற் கைப்பற்றப்பட்ட 'டைகர் 131' என்னும் ஜெர்மானிய டாங்கி செப்பனிடப்பட்டு, இன்றும் தன் வலுவிலேயே ஓடுகின்றது. அது ஓடும் நாளைக் காண ஆயிரக்கணக்கானோர் திரளுகின்றனர்.

இக்கூட்டங்களை வெறுங் களியாட்டென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. அங்கே வருவோர் வண்டியைக் காட்டுவதோடு நில்லாது, அதனைப் பற்றிய நினைவுகளையும் பரிமாறுகின்றனர். ஒரு வண்டியை வாங்கியவர் அதன் அடிச்சட்டத்து இலக்கத்தைத் தேடுகின்றார்; பூச்சுக்களை ஒவ்வொரு படையாகச் சுரண்டி, அடியிலே மறைந்துள்ள படைப்பிரிவின் அடையாளத்தைக் காண்கின்றார்; அப்பிரிவிற் பணிசெய்த முதியவர் எவரேனும் உளரோ எனக் கேட்டறிகின்றார். அம்முதியவர் வந்து, தாம் இருபது வயதிற் பிடித்த சுக்கானை மீண்டும் பிடிக்கும்போது, ஏட்டில் ஏறாத செய்திகள் வெளிவருகின்றன. இரவில் விளக்கின்றி ஓட்டிய விதம், சேற்றிற் புதைந்த சக்கரத்தை மீட்ட உபாயம், பக்கத்திலிருந்து மடிந்த தோழனின் பெயர் ஆகிய இவையெல்லாம் இரும்பின் வாயிலாகவே நமக்குக் கிடைக்கின்றன. ஆகவே பழைய வண்டி ஒரு சாசனமாகும். அதனைச் செலுத்தியவரும் செப்பனிட்டவருமே அச்சாசனத்தைப் படிக்க வல்லவர்.

இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1919 ஜூலை 7ஆந் திகதி, அமெரிக்க இராணுவத்தின் மோட்டார் வண்டித் தொடரொன்று வாஷிங்டனிலிருந்து மேற்குக் கரையை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 3,200 மைல் தூரத்தைக் கடந்து சான் பிரான்சிஸ்கோவை அடைய 62 நாட்கள் சென்றன. பாலங்கள் முறிந்தன, வண்டிகள் மணலிலும் சேற்றிலும் அமிழ்ந்தன. அத்தொடரிற் சென்ற இளம் அதிகாரிகளுள் ஒருவர் ஐசனோவர். பின்னாளில் அவர் அந்நாட்டின் சனாதிபதியாகி, 1956இல் நாடளாவிய பெருந்தெருக்களுக்கான சட்டத்தில் ஒப்பமிட்டபோது, அப்பயணத்தின் துன்பத்தை மறந்திருக்கவில்லை. 2009இல் பழைய இராணுவ வண்டிகளைப் பேணும் சங்கத்தார் அதே வழித்தடத்திற் சென்று அந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தனர்.

இக்கூட்டங்களிலே பெரிதும் காணப்படுவது ஜீப் வண்டியே. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரிலிருந்த பான்டம் கம்பனி, 1940 செப்டெம்பரில் அதன் முதல் மாதிரியைப் படையினரிடம் ஒப்படைத்தது. எனினும், பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் பணி வில்லிஸ், போர்ட் ஆகிய கம்பனிகளையே சேர்ந்தது. போர்க்காலத்தில் அவ்விரண்டும் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளை ஆக்கின. போர் முடிந்ததும் அவற்றின் இரண்டாம் பிறவி தொடங்கியது. பிலிப்பைன் தீவுகளில் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை மக்கள் நீட்டி, கூரையிட்டு, நிறந்தீட்டி, 'ஜீப்னி' என்னும் பொதுவண்டியாக்கினர். வேல்ஸ் தேசத்தின் ஆங்கிள்சி தீவில் தம் பண்ணையிலே பழைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்திய மொரிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர், அதனைப் பார்த்து லான்ட் ரோவரை உருவாக்கினார். 1948இல் அவ்வண்டி உலகுக்கு அறிமுகமாயிற்று. இந்தியாவில் 1945இல் மகிந்திரா சகோதரரும் குலாம் முகம்மதுவும் கூடித் தொடங்கிய 'மகிந்திரா அன்ட் முகம்மது' என்ற வணிக நிலையம், 1947இல் ஜீப்புகளைப் பூட்டும் தொழிலில் இறங்கியது. நாடு பிரிந்தது, குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், நிலையத்தின் பெயர் 'மகிந்திரா அன்ட் மகிந்திரா' என மாறியது. ஒரு வண்டியின் வரலாற்றினுள்ளே ஒரு பெருநாட்டின் பிரிவினையும் அடங்கியிருத்தலைக் காண்க.

இனி நமது தீவை நோக்குவோம். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பின் மீதும், 9ஆந் திகதி திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. இரண்டாவது தாக்குதல் நடந்த அன்றே 'ஹேர்மீஸ்' என்ற விமானந் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டனர். 1944இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. இவ்வாறு இலங்கை ஒரு பெரும் படைத்தளமாகவே, அதன் வீதிகளில் இராணுவ லொறிகளும் ஜீப்புகளும் நிறைந்தன. போர் ஓய்ந்ததும் எஞ்சியவற்றுட் பல குடிமக்கள் கைக்கு வந்தன.

கல்முனை முதற் பொத்துவில் வரையுள்ள கரைநாட்டுக்கு மோட்டார் வண்டி என்பது ஆடம்பரப் பொருளன்று. புகையிரதப் பாதை 1928இல் மட்டக்களப்பை எட்டியது. அதற்குத் தெற்கே வரவேயில்லை. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தின் ஒடுங்கிய வழியே ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற வண்டிகளே சம்மாந்துறையின் நெல்லையும், மருதமுனையின் நெசவுப் புடைவையையும், கல்முனைக் கரையின் மீனையும் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுசேர்த்தன. ஆதலால் இப்பகுதியில் லொறிச் சாரதியும் கராஜில் வேலைசெய்யும் மெக்கானிக்கும், கமக்காரனுக்கும் மீனவனுக்கும் அடுத்த நிலையில் வைத்து மதிக்கத்தக்கவர்கள்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டும் பணியை மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி ஏற்றது. அது போர்க்காலத்திற் பசுபிக் தீவுகளிற் படைத்தளங்களை அமைத்த கம்பனியாகும். அத்தீவுகளில் விமான ஓடுபாதைகளைச் சமன்செய்து புகழ்பெற்ற புல்டோசர் இயந்திரம், இங்கே காட்டை வெட்டி வயலாக்கியது. போரிற் பழகிய இரும்பு உழவுக்கு உதவியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? எனினும் வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவதில்லை. 1956 ஜூனில் அதே பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிரான வன்செயல் மூண்டபோது, கலகக்காரர் அரசாங்க வண்டிகளையும் வெடிமருந்தையும் கைப்பற்றிப் பயன்படுத்தினர். வண்டிக்கு இனமில்லை, நெஞ்சமில்லை. செலுத்துபவனின் நெஞ்சமே அதன் நெஞ்சமாகின்றது.

1980களின் நடுப்பகுதியிலிருந்து இக்கரையிற் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இராணுவ வண்டி என்பது நூதனசாலைப் பொருளாக இருந்ததில்லை. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த 'பபல்' என்ற கவச வண்டியை நம் மக்கள் 'பவல்' என்றழைத்தனர். அச்சொல்லுக்கு அந்நாட்டு மொழியில் எருமை என்பது பொருள். கண்ணிவெடியின் வீச்சு இருபுறமும் விலகிச் செல்லும்படி அதன் அடிப்பாகம் கூராக அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே அது உயர்ந்து, எட்டத்திலிருந்தே தெரியும். 1987 முதல் 1990 வரை இந்தியப் படையினரின் வண்டிகளும் இவ்வீதியில் ஓடின. அக்காலத்துச் சிறுவராகிய எமக்குப் பாடப் புத்தகம் கற்பியாத ஒரு வித்தை கைவந்திருந்தது. இரவிற் பாயிற் படுத்தவாறே, தூரத்து இரைச்சலைக் கொண்டு வருவது இன்ன வண்டி என்று சொல்லுவோம். தாய்மார் அதனைக் கேட்டு விளக்கைத் தணிப்பார்கள். மேனாட்டு ஆர்வலர் பல்லாண்டு முயன்று பெறும் இவ்வறிவு எமக்கு அச்சத்தினாற் கிடைத்தது.

அதற்கும் ஒரு மறுபுறம் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் அகதிகளால் நிரம்பின. அந்நாட்களில் உணவும் நீரும் ஏற்றிவந்த வண்டிகளுள் படையினரின் லொறிகளும் இருந்தன. முதல்நாள் வரை அஞ்சிய இரைச்சலை மறுநாள் எதிர்பார்த்திருந்தோம். இவ்விரு நினைவும் ஒரே நெஞ்சில் வாழ்கின்றன. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

யாழ்ப்பாணம் செல்லும் மாணவர் ஆனையிறவிலே வீதியோரம் நிற்கும் கவசமிட்ட புல்டோசரைக் கண்டிருப்பர். 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் அதனை இராணுவ முகாமை நோக்கிச் செலுத்தினர். அதன்மீதேறி அதனைத் தடுத்துத் தம்முயிரையும் இழந்த காமினி குலரத்ன என்ற படைவீரரின் நினைவுச் சின்னமாக அது இன்று விளங்குகின்றது. அச்சமரில் இரு தரப்பிலும் பெருந்தொகையினர் மாண்டனர். தெற்கிலிருந்து வருவோர் அதன்முன் நின்று படம்பிடிக்கின்றனர். வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளை இழந்தோர் பலர் பேசாது கடந்து செல்கின்றனர். கல்லோயாவிற் காடு வெட்டிய அதே இன இயந்திரம், ஒருவருக்கு வீரச் சின்னமாகவும் மற்றவருக்கு ஆறாப் புண்ணாகவும் நிற்கின்றது. அதனருகில் ஒரு தரப்பின் கதை மட்டுமே சொல்லப்படுவதால், அது இன்னும் பொதுச் சாசனமாகவில்லை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கின்றது. நோர்மண்டியில் இன்று வண்டிகள் விழாக்கோலம் கொண்டு ஓடுகின்றன என்றால், அங்கே போர் நடந்து எட்டுப் பத்தாண்டுகள் கழிந்தமை மாத்திரம் அதற்குக் காரணமன்று. அப்பகுதியில் நேசநாட்டவரின் கல்லறைகளோடு ஜெர்மானியப் போர்வீரரின் கல்லறைகளும் பேணப்படுகின்றன. இறந்தோர் எத்தரப்பினராயினும் அவர் பெயரைப் பொறித்தற்கு இடமிருக்கின்றது. துயரத்தை வாய்விட்டுச் சொல்ல இடங்கொடுத்த பின்னரே மகிழ்ச்சிக்கு அங்கே இடமுண்டாயிற்று.

இவ்வுண்மையை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதுமில்லை. கல்முனைக்கு அயலிலுள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில், ஆண்டுதோறும் பதினெட்டு நாட்கள் பாரதக் கதை சடங்காக நடத்தப்பட்டுத் தீமிதிப்புடன் நிறைவெய்துகின்றது. பாண்டவரின் வெற்றி மட்டுமா அங்கே நினைக்கப்படுகின்றது? வனவாசத்தின் துயரமும் அபிமன்னன் போன்ற இளையோரின் சாவும் அக்கதையோடு பிரியாதிருக்கின்றன. அழுகைக்கு இடமளிப்பதாலேயே அது தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கின்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? பழைய வண்டிகளைக் கூட்டி விழா எடுக்கும் காலம் நமக்கு இன்னும் வரவில்லை; அதற்காக விரைதலும் ஆகாது. ஆனால் அவ்வார்வலரின் முறையை இன்றே கைக்கொள்ளலாம். நம் ஊர்களில் லொறி ஓட்டி முதுமையடைந்தோர் இன்னும் உளர். தடைமுகாம் தோறும் நெல்மூடைகளை இறக்கி ஏற்றிக் கொழும்பு சென்று திரும்பியவர்கள் அவர்கள். உதிரிப்பாகம் கிடையாத காலத்தில் ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தி ஓடச்செய்த மெக்கானிக்குகளும் உளர். கல்லோயாவில் இயந்திரம் செலுத்தியோரை நேரிற் கண்டவர் தொகை ஆண்டுக்காண்டு குறைகின்றது. இவர்களிடம் மாணவர் ஒரு கொப்பியும் பென்சிலுமாகச் சென்று, எந்த வண்டி, எந்த ஆண்டு, எந்த வீதி, யார் உடனிருந்தார் எனக் கேட்டு எழுதுதல் வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பிரிவின்றிக் கேட்டல் வேண்டும். அஞ்சியவரிடத்தும் அவ்வண்டிகளைச் செலுத்தியவரிடத்தும் கேட்டல் வேண்டும்.

இரும்பு துருப்பிடிக்கும், ஆயினும் எண்ணெயிட்டு அதனைக் காக்கலாம். மனிதன் மறைந்தபின் அவன் நினைவைக் காக்க வழியில்லை. அந்நினைவுகள் எழுத்தில் ஏறுமாயின், நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் அவ்வண்டிகளின் அருகே அச்சமுமின்றி ஆரவாரமுமின்றி நின்று, நடந்தது இன்னதென அறிந்துகொள்வர். போர்த்தேர் விழாத்தேராவதற்கு முன்னர் அதன் வடத்தில் எல்லாக் கைகளும் படவேண்டும்.